புதிய செடியின் பிறப்புச் சான்று: ஒரு மதிப்பீடு

“சீனக் காட்டில் புதிய பெகோனியாச் செடி கண்டுபிடிப்பு!” இப்படி ஒரு செய்தியை நாளேட்டின் ஓரத்தில் எப்போதாவது நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நான்கு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு படம் இருக்கும். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த நான்கு வரிக்குப் பின்னால் பல பக்கங்கள் கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. உலகம் அந்தச் செடிக்கு வழங்கிய பிறப்புச் சான்று அந்தக் கட்டுரைதான்.

கதைக்கும் கவிதைக்கும் திரைப்படத்திற்கும் திறனாய்வு எழுதுகிறோம். அறிவியல் கட்டுரைக்கு மட்டும் ஏன் எழுதுவதில்லை? அது முழுக்க முழுக்க உண்மை, அதில் நிறை குறை சொல்ல நமக்கு இடமில்லை என்று எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் சரியன்று. அறிவியல் கட்டுரையும் மனிதர் எழுதுவதே. அதில் எடுத்துச் சொல்லப்பட்டவையும் உண்டு, விடப்பட்டவையும் உண்டு. நான் தாவரவியல் படித்தவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் அளவு, சோதனை, சான்று என்று வந்துவிட்டால் எத்துறையாரும் பேச உரிமையுண்டு. அந்த உரிமையில் ஒரு பெகோனியாவின் பிறப்புச் சான்றை உங்களோடு சேர்ந்து படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

செடியும் அதன் குடும்பமும்

நாம் எடுத்துக்கொள்ளும் செடியின் பெயர் பெகோனியா ஃபெராக்ஸ். சீனாவின் தென்கோடியில், வியட்நாம் எல்லையை ஒட்டிய குவாங்சி மாநிலத்தில், லோங்சோ என்னும் பகுதியில் லோங்காங் இயற்கைக் காப்பகம் உள்ளது. கடக ரேகைக்குத் தெற்கே அமைந்த வெப்பமண்டலச் சுண்ணாம்பு மலைக்காடு அது. அங்கிருந்து இச்செடியை 2013-ஆம் ஆண்டு தைவான் நாட்டு அறிஞர் பெங் சிங்-இ அவர்களும் அவருடைய தைவான், சீனக் கூட்டாளிகளும் விவரித்து வெளியிட்டனர். அதே கட்டுரையில் பெகோனியா லோங்காங்கென்சிஸ் என்னும் மற்றொரு புதிய செடியும் இடம்பெற்றது.

பெகோனியா என்பது ஒரு பேரினத்தின் பெயர். பிரெஞ்சுத் தாவர அறிஞர் பிளூமியே, தம்மை ஆதரித்த அதிகாரி மிஷேல் பெகோனின் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். லின்னேயஸ் 1753-இல் அதை ஏற்றுக்கொண்டார். ஊட்டிப் பூங்காவிலும் வீட்டுத் தொட்டிகளிலும் நீங்கள் இதன் உறவினரைப் பார்த்திருப்பீர்கள். இலையின் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சிறிதாகவும் கோணியிருக்கும். ஒரே செடியில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் இருக்கும். காய்க்குச் சிறகு போன்ற விளிம்புகள் இருக்கும். இந்த அடையாளங்களைக் கொண்ட சிற்றினங்கள் இதுவரை 2,000-க்கும் மேல் விவரிக்கப்பட்டுள்ளன. பூக்கும் தாவரங்களுள் மிகப் பெரிய பேரினங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஃபெராக்ஸ் தனித்து நிற்கக் காரணம் அதன் இலை. முதிர்ந்த இலையின் மேற்பரப்பு முழுவதும் கூம்பு கூம்பாகப் புடைத்து எழுந்திருக்கும். அக்கூம்புகள் கருஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். பலாப்பழத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கருஞ்சாயத்தில் தோய்த்து இலையாக விரித்தாற்போன்ற தோற்றம். ‘ஃபெராக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குக் ‘கொடிய’, ‘மூர்க்கமான’ என்று பொருள். பார்வைக்குத்தான் மூர்க்கம், உண்மையில் அது நிழலில் ஒதுங்கி வாழும் மென்மையான செடி.

ஒவ்வொரு மலையும் ஒரு தீவு

இச்செடி ஏன் சுண்ணாம்பு மலையில் வாழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் கட்டுரையை எடை போட முடியும்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக் கல், அதாவது கால்சியம் கார்பனேட், அந்த நீரில் சிறிது சிறிதாகக் கரைகிறது. பல இலட்சம் ஆண்டுகள் இது நடந்தால் பாறையில் பிளவுகளும் குகைகளும் குழிகளும் உண்டாகின்றன. இறுதியில் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் தனித்தனிக் குன்றுகள் மிஞ்சுகின்றன. பெய்த மழை பிளவுகளின் வழியே விரைந்து இறங்கிவிடுகிறது. மண்ணோ பாறை இடுக்குகளில் கைப்பிடியளவே தங்குகிறது. எனவே குன்றின் உச்சி வறண்டு கிடக்கும். அடிவாரப் பிளவும் குகை வாயிலும் ஈரமாகவும் இருளாகவும் இருக்கும். சில அடி தூரத்திற்குள் பாலைவனமும் மழைக்காடும் அடுத்தடுத்து இருப்பதுபோன்ற நிலை இது.

நிழலும் ஈரமும் நாடும் பெகோனியாவுக்கு இந்தப் பிளவு சொர்க்கம். ஆனால் ஒரு குன்றின் பிளவுக்கும் அடுத்த குன்றின் பிளவுக்கும் இடையே அதற்கு ஒவ்வாத வெட்டவெளி கிடக்கிறது. பெகோனியாவின் விதை தூசிபோல் நுண்ணியது. என்றாலும் காற்று அசையாத காட்டின் அடித்தளத்தில் அது வெகுதூரம் போவதில்லை. கடல் சூழ்ந்த தீவில் உயிர்கள் தனித்தனியே மாறிச் செல்வதைப் போலவே, இங்கே குன்றுக்குக் குன்று செடிகள் தனித்து மாறுகின்றன. சீன–வியட்நாம் எல்லைச் சுண்ணாம்புப் பகுதியின் பெகோனியாக்களைப் பற்றி 2014-இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. அண்டை இடங்களில் வாழும் செடிகளே ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவினராக இருப்பதை அது காட்டியது. கிழக்காசியப் பருவக்காற்று வலுப்பெற்ற காலத்தோடு இப்பெருக்கத்தை அது தொடர்புபடுத்தியது.

சுண்ணாம்புக் குன்று நம் மக்களுக்கு அறிமுகமில்லாத பொருளன்று. தைப்பூசத்திற்குக் காவடி ஏறும் மலேசியாவின் பத்துமலையும் சுண்ணாம்புக் குன்றே. அந்த ஒரு குன்றில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட தாவரச் சிற்றினங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் இத்தகைய குன்றுகள் மொத்தமும் சேர்ந்து 1 விழுக்காடுகூட இல்லை. ஆனால் அவற்றின்மேல் வளரும் தாவரச் சிற்றினங்கள் 1,200-ஐத் தாண்டும்.

சான்றின் நிறைகள்

இனிக் கட்டுரைக்கு வருவோம். புதிய செடியை விவரிப்பதற்கென்று பன்னாட்டு விதிகள் உண்டு. 1935 முதல் 2011 முடிய இலத்தீன் மொழியில் விவரித்தால்தான் பெயர் செல்லுபடியாகும். 2012 சனவரி முதல் நாளிலிருந்து ஆங்கிலமும் போதும் என்று விதி தளர்ந்தது. எந்த மொழியில் எழுதினாலும் ஒரு காய்ந்த செடியை, ‘இதுவே இப்பெயருக்குரிய மாதிரி’ என்று சுட்டி, உலர்தாவரகம் ஒன்றில் வைக்க வேண்டும். நிறைக்குப் படிக்கல் இருப்பதுபோலப் பெயருக்கு இந்த மாதிரி. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஃபெராக்ஸின் விவரிப்பில் முதலாவதாகப் பாராட்ட வேண்டியது, ஆசிரியர்கள் காய்ந்த செடியோடு நின்றுவிடாமை. பெகோனியா சதைப்பற்றுள்ள செடி. அதை அழுத்திக் காயவைத்தால் நிறம் போய்விடும், கூம்புகள் சப்பையாகிவிடும். உயிருள்ள செடியையும் வைத்துப் பார்த்ததால்தான் இலையின் உண்மை உருவம் கட்டுரையில் இடம்பெற்றது. அதோடு, இளம் இலையில் இந்தக் கூம்புகள் இல்லை. இலை முதிர முதிரவே எழுகின்றன. யாரேனும் ஓர் இளஞ்செடியை மட்டும் பறித்து வந்திருந்தால், பெயருக்கே காரணமான அடையாளம் அவர் கண்ணில் பட்டிருக்காது. எந்த அளவையும் எடுக்கும்போது, எந்த நிலையில் எடுத்தோம் என்பதும் அளவின் பகுதியே என்னும் பாடம் இதில் இருக்கிறது.

இரண்டாவது நிறை, செடியை அதன் உறவுக்குள் வைத்துக் காட்டியது. பெகோனியாப் பேரினத்துள் பல பிரிவுகள் உண்டு. ஃபெராக்ஸ் சேர்ந்த பிரிவின் பெயர் சீலோசென்ட்ரம். ‘நடு வெற்றிடம்’ என்று பொருள். பெரும்பாலான பெகோனியாக்களில் சூல்கள் சூற்பையின் நடு அச்சில் ஒட்டியிருக்கும். இப்பிரிவிலோ அவை சுவரை ஒட்டியிருக்கும், நடுவில் வெற்றிடம். ஆசிரியர்கள் குரோமோசோம்களையும் எண்ணினார்கள். இரண்டு புதிய செடிகளிலும் எண்ணிக்கை 30.

இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘குரோமோசோம்கூட எண்ணிவிட்டார்கள், இனி ஐயமே இல்லை’ என்று வாசகர் மயங்க இடமுண்டு. ஆனால் இரு செடிக்கும் 30 என்றால், அந்த எண் அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை என்பதே பொருள். அது உறவைக் காட்டும் சான்று. தனித்தன்மையைக் காட்டும் சான்று அன்று. துல்லியமான எண் எல்லாம் நம் கேள்விக்கு விடையாகிவிடாது.

மூன்றாவது நிறைதான் மிகப் பெரியது. இந்த விவரிப்பை மறுக்க முடியும்! இது குறையல்லவா என்று கேட்பீர்கள். ‘இது புதிய சிற்றினம்’ என்பது ஒரு கருதுகோள். இலை இப்படி, பூ இப்படி, காய் இப்படி, இன்ன உறவினரிடமிருந்து இன்ன விதத்தில் மாறுபடுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தால்தான், நாளை ஒருவர் வந்து ‘இல்லை, இது பழைய செடியே’ என்று காட்ட வழி பிறக்கும். இரண்டே ஆண்டில், 2015-இல், இத்தகைய ஒப்பீடு தேவைப்பட்டது. வடவியட்நாமின் சுண்ணாம்புப் பகுதிகளிலிருந்து 6 புதிய பெகோனியாக்களைப் பெங் குழுவினரே விவரித்தனர். அவற்றுள் ஒன்று மெலனோபுல்லாட்டா; ‘கருங்கொப்புளம் உடையது’ என்று பொருள். அதன் இலையிலும் கருமுனைக் கூம்புகள்! முதற்கட்டுரை கவிதைபோல ‘விந்தையான இலை’ என்று மட்டும் எழுதியிருந்தால், இந்த இரண்டையும் யார் பிரித்துக் காட்டியிருக்க முடியும்?

முதற்குறை: எத்தனை இலையை அளந்தார்கள்?

இனிக் குறைகள். இவற்றை இந்த ஒரு கட்டுரையின் தலையில் கட்டுவது நியாயமன்று. இத்துறையில் பல காலமாக நிலவும் வழக்கத்தின் மேல் நான் வைக்கும் குறைகள் இவை.

செடி விவரிப்புகளில் ‘இலை நீளம் 10–18 செ.மீ.’ என்பதுபோல ஓர் எல்லை கொடுப்பார்கள். எத்தனை செடியில் எத்தனை இலையை அளந்து இந்த எல்லை கிடைத்தது என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. எங்கள் செய்முறைக் கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஒருமுறை அளந்துவிட்டு வரும் மாணவரை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். ‘எத்தனை அளவீடு, எவ்வளவு பிழை?’ என்பதே முதற்கேள்வி.

இது வெறும் ஒழுங்குமுறைக் கண்டிப்பு அன்று. 5 இலையை அளந்து 10–18 என்று எழுதினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 இலையை அளந்தால் அது 8–21 ஆகலாம். எண்ணிக்கை கூடக் கூட எல்லை விரியுமே தவிர, ஒருபோதும் சுருங்காது. ஆகவே எண்ணிக்கை சொல்லாத எல்லையைக் கொண்டு வேறொரு செடியை ‘இது வெளியே நிற்கிறது, எனவே புதியது’ என்று முடிவு கட்டினால், தவறு நேரலாம். ஒரே குன்றில் மட்டும் வாழும் செடிகளில் இந்த ஆபத்து கூடுதல். பக்கத்துக் குன்றில் சற்றே பெரிய இலையுடன் நிற்பது தனிச் சிற்றினமா, அல்லது ஒரே சிற்றினத்தின் இயல்பான வேறுபாடா? எண்ணிக்கை தெரிந்தால்தான் இதை வாதிட முடியும். அரிய செடி என்பதால் பல இலைகளைப் பறிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் பறிக்காமலே நின்ற இடத்தில் அளக்கலாம்; 4 இலைதான் அளந்தோம் என்று எழுதிவிடலாம். குறைவு என்று சொல்வதில் இழிவில்லை.

இரண்டாம் குறை: ‘நிழல்’ என்பது ஓர் அளவா?

செடியின் உறுப்புகளை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் அதே கை, அது வாழும் இடத்தைப் பற்றி எழுதும்போது ‘நிழலான பாறைச் சரிவு’, ‘ஈரமான குகை வாயில்’ என்று அடைமொழிக்கு மாறிவிடுகிறது. நிழல் என்றால் எவ்வளவு நிழல்? வேப்பமர நிழலா, கிணற்றுக்குள் இருக்கும் நிழலா? திறந்தவெளி ஒளியில் பத்தில் ஒரு பங்கா, நூறில் ஒரு பங்கா? சட்டைப் பையில் அடங்கும் ஒளிமானி இதற்கு விடை சொல்லிவிடும். வெப்பநிலைக்கும் ஈரப்பதத்திற்கும்கூட எளிய கருவிகள் உண்டு.

இந்த எண்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பெகோனியாவைக் காட்டுகிறேன். பெகோனியா பவோனினா மலாய் நாட்டு மலைக்காட்டில் வாழ்வது. சுண்ணாம்புச் செடி அன்று. அதன் இலை சில கோணங்களில் மயில் கழுத்துப்போல் நீலமாக மின்னும். இதற்கு நீலச் சாயம் காரணமன்று. அதன் பசுங்கணிகங்களுள் சிலவற்றில் நுண்படலங்கள் அச்சிட்டாற்போல் சம இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. சோப்புக் குமிழியில் நிறம் தோன்றக் காரணமான குறுக்கீட்டு விளைவே இங்கும் நிகழ்கிறது. கணக்கும் எளிது. அடுக்கின் இடைவெளி 170 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.4 என்று வைத்துக்கொள்வோம். வலுவாக எதிரொளிக்கும் அலைநீளம் 2 × 1.4 × 170 = 476 நானோமீட்டர். அது நீலம்!

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அடுக்கு வெறும் அலங்காரம் அன்று என்று காட்டியது. உயர்ந்த மரங்களின் இலைகள் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்ட பின், காட்டின் தரையை எட்டும் எச்சில் ஒளியில் பச்சை மிகுந்திருக்கும். அந்தப் பச்சை ஒளியைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ள இந்த அடுக்கு துணை செய்கிறது. மங்கிய ஒளியில் ஒளிச்சேர்க்கையின் திறன் 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்கிறது. பவோனினாவைத் தாவர அறிஞர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ‘நீலமாக மின்னும் இலை’ என்ற விவரிப்பும் இருந்தது. ஆனால் ஒளியை அளந்த பிறகே அந்த அடைமொழி அறிவாயிற்று.

ஃபெராக்ஸின் கூம்பையும் இப்படிக் கேள்வி கேட்கலாம். கூம்பின் உயரம் அதன் அடி ஆரத்தைப்போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கப் பரப்பு, அது நிற்கும் வட்டத்தின் பரப்பைப்போல் √5 மடங்கு, அதாவது ஏறத்தாழ 2.24 மடங்கு. மேலிருந்து மட்டும் ஒளி வருமானால் இந்தக் கூடுதல் பரப்பால் பெரிய ஆதாயம் இல்லை. பாறைப் பிளவில் ஒளி பக்கவாட்டில் வருமானால் கதை வேறு. ஆக, கூம்பின் அளவு மட்டும் போதாது. ஒளி எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதும் வேண்டும். விவரிப்பு எழுதுபவர் இக்கேள்விக்கு விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விடை தேட வருபவருக்கு வேண்டிய எண்ணை விட்டுச்செல்லலாம். அந்த மலைக்கு மீண்டும் ஒருவர் போகப் பல ஆண்டுகள் ஆகலாம் அல்லவா?

மூன்றாம் சிக்கல்: இடத்தைச் சொல்லலாமா?

இதைக் குறை என்பதைவிடச் சிக்கல் என்பதே பொருத்தம். அறிவியலின் மரபு, கண்ட இடத்தை ஒளிக்காமல் சொல்வது. நான் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்க முடிய வேண்டும். அதற்கு இடம் தெரிந்தாக வேண்டும். ஆனால் அரிய உயிரின் முகவரியை அச்சிட்டுக் கொடுத்தால் அதைப் படிப்பவர்கள் ஆய்வாளர்கள் மட்டும்தானா?

இதே குவாங்சியில் நடந்ததைச் சொல்கிறேன். 1999-இல் பிங்சியாங் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து கோனியுரோசாரஸ் லூயி என்னும் அழகிய பல்லியை விவரித்தார்கள். வளர்ப்புப் பிராணி வணிகத்தில் அதற்குப் பெரும் விலை கிடைத்தது. பிடிப்பவர்கள் படையெடுத்தார்கள். முதலில் கண்டெடுத்த இடத்தில் அப்பல்லி அற்றுப்போயிற்று. ‘அறிவியல் விவரிப்பே ஓர் உயிரினத்தை ஆபத்தில் தள்ளலாம்’ என்று 2006-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். 2015-இல் குவாங்சியிலிருந்தே இரண்டு புதிய பல்லிகளை விவரித்தவர்கள் இடத்தை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டனர்.

பல்லிக்கு நேர்ந்தது பெகோனியாவுக்கு நேராது என்று சொல்ல முடியுமா? ஃபெராக்ஸ் இன்று பல நாடுகளில் செடி ஆர்வலர்களின் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்கிறது. ஆசை கொள்ளத்தக்க அழகு அதற்கு இருக்கிறது; விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செடிக்குப் பல்லிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பல பெகோனியாக்களில் ஓர் இலைத்துண்டை ஈர மணலில் நட்டாலே முழுச்செடி பிறந்துவிடும். முறையாகப் பெற்ற ஒரு செடியிலிருந்து நாற்றுப்பண்ணையில் ஆயிரம் செடிகளை உண்டாக்கி மலிவாக விற்றால், மலையேறித் திருடுபவனுக்கு வேலை இருக்காது.

எனவே என் கருத்து இதுதான். துல்லியமான இடம் உலர்தாவரகத்தின் பதிவேட்டில் இருக்கட்டும்; தகுந்த காரணத்தோடு கேட்கும் ஆய்வாளருக்குக் கிடைக்கட்டும். அச்சில் மாவட்டமும் வாழிடமும் போதும். இதனால் சோதிக்கும் வழி அடைபடாது. முகவரி மட்டும் சந்தைக்குப் போகாது. அவ்வாறு நிறுத்திக்கொண்டால் ‘நிறுத்திக்கொண்டோம்’ என்று கட்டுரையில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும்.

பெயர் மட்டும் மிஞ்சினால்

இதுவரை சொன்னவற்றை ‘படித்தவர்களின் வாதம்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதற்குப் பின்னால் ஓர் அவசரம் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டின் மூலப்பொருள். நீங்களும் நானும் குடியிருக்கும் வீடு, என் கல்லூரிக் கட்டடம், உங்கள் ஊர்ப் பாலம் எல்லாம் எங்கோ ஒரு சுண்ணாம்புப் பாறை உடைந்ததால் எழுந்தவையே. சிமெண்டே வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்தக் குன்றை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்ய, எந்தக் குன்றில் என்ன வாழ்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்னும் மிகச் சிறிய நத்தை அக்குன்றில் மட்டுமே அறியப்பட்டது. கல்லுடைப்பால் 2003-ஆம் ஆண்டுக்குள் குன்று முழுவதும் மறைந்துவிட்டது. நத்தையும் அற்றுப்போனதாக 2014-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. அந்த நத்தைக்குப் பெயர் இருந்தது, விவரிப்பு இருந்தது, அருங்காட்சியகத்தில் மாதிரியும் இருக்கிறது. இல்லாமற்போனது நத்தை ஒன்றுதான்.

ஃபெராக்ஸ் இவ்வகையில் நற்பேறு பெற்றது. அது காப்பகத்துக்குள் வாழ்கிறது. அதே காப்பகத்திலிருந்து 2008-இல் ஒரு பறவைகூடப் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. எல்லாச் சுண்ணாம்புச் செடிகளுக்கும் இந்த நற்பேறு இல்லை. அதனால்தான் விவரிப்பில் ஒவ்வொரு வரியும் முக்கியமாகிறது. ‘10–18 செ.மீ.’ என்பதையும் ‘நிழலான சரிவு’ என்பதையும் பின்னொரு நாள் சென்று திருத்திக்கொள்ளலாம் என்று நாம் எண்ணலாம். குன்று இருந்தால்தானே திருத்த?

தீர்ப்பு

நாளேட்டுச் செய்தி ‘புதிய செடி’ என்கிறது. செடி புதிதன்று, நம் எழுத்துக்கு முன்பே நெடுங்காலமாக அது அங்கே வாழ்ந்து வந்திருக்கிறது. புதியது பெயரும் விவரிப்பும்தான். அந்த விவரிப்பு நேர்மையான ஆவணம் என்பதே என் முடிவு. மாதிரியைச் சுட்டுகிறது, உறவைக் காட்டுகிறது, தன்னை மறுக்கும் வழியைத் தானே திறந்து வைக்கிறது. இவ்வளவு தரமான வடிவத்தை உருவாக்கிய தாவரவியலார், இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன என்பதே என் வேண்டுகோள். ஒன்று, எத்தனை அளந்தோம் என்பது. மற்றொன்று, செடி நிற்கும் இடத்தின் ஒளி, வெப்பம், ஈரம் எவ்வளவு என்பது. செடியை மட்டும் விவரித்தால் போதாது. செடியைச் செடியாக வைத்திருக்கும் குன்றையும் எண்ணால் விவரிக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இவ்வார இறுதியில் உங்கள் வீட்டு வேலியோரம் வளரும் ஏதேனும் ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதாமல், அரைப் பக்கத்துக்குள் அதை விவரியுங்கள். 20 இலைகளைப் பறிக்காமல் அளந்து, எண்ணிக்கையோடு எழுதுங்கள். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் அதன்மேல் விழும் ஒளியைக் குறியுங்கள். கைப்பேசியில் உள்ள ஒளிமானியே போதும். பின் அந்தத் தாளை நண்பரிடம் கொடுத்து, தெருவில் உள்ள அத்தனை செடிகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் சரியான செடியின் முன் வந்து நின்றால் உங்கள் விவரிப்பு தேறியது. வேறு செடியிடம் போய்விட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள். தாளை வாங்கித் திருத்துங்கள். அந்தச் செடி நாளையும் அங்கேயே நிற்கும் என்ற வசதி உங்களுக்கு இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றின் அடியில் உட்கார்ந்து எழுதுபவருக்கு அந்த வசதி எப்போதும் இருப்பதில்லை.